‘எங்க ஆபீஸ்ல எல்லாம் திறக்குதே’: டிஎன்எஸ் சோதனையில் வந்த சிவப்புக் குறிகளில் எது உண்மையான பழுது?

கேள்வி சுருக்கமாக இது. கடலூர் சிப்காட்டில் தலைமை அலுவலகம், புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கிளை. டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை பைண்ட் என்ற மென்பொருளில் நாங்களே நடத்துகிறோம்: கடலூரில் மூலப் பதிவு உள்ள பிரைமரி (என்எஸ்1), புதுச்சேரியில் அதை நகலெடுக்கும் செகண்டரி (என்எஸ்2). வெப்சைட்டும் மெயிலும் வெளியூர் டேட்டா சென்டரில். மூன்று நாளுக்கு முன் புதுச்சேரி கிளையின் இன்டர்நெட் லைன் மாறியது, வெப்சைட்டும் புது ஐபிக்குப் போனது. அதிலிருந்து சில வாடிக்கையாளர்களுக்கு சைட் தாமதமாகத் திறக்கிறது, சிலருக்குப் பழைய ஐபியே போகிறது, சிலர் அனுப்பும் மெயில் திரும்புகிறது. ஒரு சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தால் வரிசையாகச் சிவப்பு: என்எஸ்2 எட்டவில்லை, டிசிபி 53 (டிஎன்எஸ்ஸின் டிசிபி வாசல்) மூடியிருக்கிறது, எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்ற பதிவு) ஒரு சிநேமைக் (மாற்றுப்பெயரை) காட்டுகிறது, எஸ்ஓஏ (டொமைனின் தலைப்புப் பதிவு) சீரியல் எண்ணின் வடிவம் சரியில்லை, எக்ஸ்பயர் (பிரைமரி இல்லாமல் செகண்டரி தாங்கும் காலம்) குறைவு, டிஎன்எஸ்செக் (பதில்களுக்குக் கையெழுத்து) இல்லை. நிர்வாகம் சொல்வது, “நம்ம ஆபீஸ்ல எல்லாம் திறக்குது, கையை வைக்காதீங்க.” பயர்வால் பொறியாளர் சொல்வது, “டிசிபி 53 சோன் டிரான்ஸ்ஃபருக்கு மட்டும்தான், திறக்கக் கூடாது.” (சோன் என்பது டொமைனின் பதிவுகள் மொத்தமும்; அதை செகண்டரி இழுத்துக்கொள்வது டிரான்ஸ்ஃபர்.) ஆலோசகர் சொல்வது, “ஆர்எஃப்சியில (இணையத்தின் விதிமுறை ஆவணங்கள்ல) இருக்கு, எல்லாத்தையும் மாத்துங்க.” இதில் யார் சொல்வது சரி?

ஆலோசகர் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் கருவி காட்டிய சிவப்பெல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சில இன்றே மெயிலைத் தடுக்கின்றன, ஒன்று அடுத்த புயலில் தடுக்கும், ஒன்றிரண்டு யாரையும் எதுவும் செய்யாது. எந்த ஆவணம் சொல்கிறது, அதன் தகுதி என்ன, மீறினால் உலகத்தில் எந்த மென்பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒவ்வொரு குறியிடமும் கேட்க வேண்டும். இதற்குப் பதில் இருந்தால் திருத்துங்கள். இல்லையென்றால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நிர்வாகத்தின் வாதம். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் டிஎன்எஸ் கேட்பது என்எஸ்1-இடமே என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. அந்தப் பெட்டியிலேயே சோன் இருக்கிறது. ஆகவே உங்கள் டொமைனைப் பற்றிய கேள்வி அலுவலகத்தை விட்டு வெளியே போவதே இல்லை. ரூட் சர்வர், ‘.இன்’ சர்வர், டொமைனை விற்ற ரெஜிஸ்ட்ராரில் பதிந்த கிளூ (நேம்சர்வர்களின் ஐபி), பயர்வால், என்எஸ்2 என்று வெளியுலகம் கடந்து வரவேண்டிய ஐந்து இடங்களில் ஒன்றைக்கூட உங்கள் ஊழியர்கள் தொடுவதில்லை. டெலிகேஷன் (‘.இன்’ சர்வர் உங்கள் நேம்சர்வர்களைக் காட்டும் வழி) முழுக்க அறுந்து கிடந்தாலும் ஆபீஸில் சைட் திறக்கும். அதனால் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. இதற்காகவேதான் வெளியாருக்குப் பதில் சொல்லும் நேம்சர்வரையும் ஊழியர்களுக்காக வெளியே கேட்டுப் பதில் வாங்கித் தரும் ரிசால்வரையும் தனித்தனியாக வைக்கச் சொல்கிறோம். கூடவே, ரிகர்ஷனை (பிறருக்காகத் தேடிக் கொடுக்கும் வேலையை) வெளியாருக்கு மூடியே வையுங்கள். திறந்த ரிசால்வரை மற்றவர்மீது தாக்குதல் நடத்தப் பயன்படுத்துவார்கள். 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5358 இதைத்தான் பேசுகிறது.

சரி, வெளியிலிருந்து பார்ப்போம். லேப்டாப்பை ஆபீஸ் வைஃபையிலிருந்து கழற்றி மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். அதைவிட நல்லது எங்காவது ஒரு வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்). முதல் கேள்வி உங்கள் சர்வரிடம் அல்ல, தாய் சோனிடம். ‘.இன்’ நேம்சர்வர்களில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, ‘டிக்’ என்ற டிஎன்எஸ் சோதனைக் கட்டளையால் இப்படிக் கேளுங்கள்:

டிக் @<.இன் சர்வர்> கம்பெனி.இன் என்எஸ் +நோரெக்

பதிலில் அதாரிட்டி பகுதியில் உங்கள் இரண்டு என்எஸ் பெயர்களும், அடிஷனல் பகுதியில் அவற்றின் ஐபிகளும் வரும். இந்த ஐபிகள்தான் கிளூ. இப்போது அதே பெயர்களுக்கு உங்கள் சோன் ஃபைலில் என்ன ஐபி எழுதியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். லைன் மாறிய கதையைப் படித்தால், என்எஸ்2-க்கு இங்கே பழைய ஐபி நிற்கும் என்றே எதிர்பார்க்கிறேன். சோனில் ஏ ரெக்கார்டை (பெயருக்கு ஐபி சொல்லும் பதிவை) மாற்றினால் கிளூ தானாக மாறாது. அது ரெஜிஸ்ட்ரியில் தனியாக இருக்கும் பதிவு. ரெஜிஸ்ட்ரார் பேனலில் ‘ஹோஸ்ட் ரெக்கார்டு’, ‘சைல்டு நேம்சர்வர்’, ‘பிரைவேட் நேம்சர்வர்’ என்று ஏதாவது ஒரு பெயரில் ஒளிந்திருக்கும், அங்கே போய் மாற்ற வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் இதுதான். வெளி ரிசால்வர் இரண்டு ஐபிகளில் ஒன்றை எடுக்கும். செத்த ஐபியை எடுத்தால் காத்திருந்து, கைவிட்டு, மற்றதுக்குப் போகும். பயனருக்கு அது நொடிக்கணக்கில் தாமதமாகத் தெரியும். என்எஸ்1-ஐ முதலில் எடுத்தவருக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. அதனால்தான் ‘சிலருக்கு மட்டும், சில நேரம் மட்டும்’ என்று புகார் வருகிறது. இந்த மாதிரிப் புகார் வந்தாலே நேம்சர்வர்களில் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்படுவது சரியான தொடக்கம்.

அடுத்து ஒவ்வொரு சர்வரையும் நேராகக் கேளுங்கள். என்எஸ்2-ஐ அதன் புது ஐபியால் கூப்பிடுங்கள்.

டிக் @என்எஸ்1.கம்பெனி.இன் கம்பெனி.இன் எஸ்ஓஏ +நோரெக்
டிக் @<என்எஸ்2 புது ஐபி> கம்பெனி.இன் எஸ்ஓஏ +நோரெக்

பதிலில் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஸ்டேட்டஸ், ஃபிளாக், சீரியல். ‘நோஎரர்’ வந்து ‘ஏஏ’ ஃபிளாகும் இருந்தால் அந்த சர்வர் அந்த சோனுக்குப் பொறுப்பாக நின்று பேசுகிறது. ‘ரெஃப்யூஸ்டு’ வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் இந்த சோன் அதன் கான்ஃபிகில் இல்லை. ‘சர்வ்ஃபெயில்’ வந்தால் சோன் கான்ஃபிகில் இருக்கிறது, ஆனால் லோடு ஆகவில்லை, அல்லது செகண்டரியில் எக்ஸ்பயர் ஆகிவிட்டது. பதிலே வராமல் டைம்அவுட் என்றால் பைண்டை நோண்டாதீர்கள், பயர்வாலையும் ரூட்டிங்கையும் பாருங்கள். ‘ஏஏ’ இல்லாமல் ‘ஆர்ஏ’ (ரிகர்ஷன் உண்டு) ஃபிளாகோடு பதில் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பெரும்பாலும் நடுவில் உள்ள நெட்வொர்க் உங்கள் போர்ட் 53 கேள்வியை மடக்கித் தன் ரிசால்வரிலிருந்து பதில் தருகிறது என்று அர்த்தம். அப்படியானால் வேறு லைனிலிருந்து சோதிக்க வேண்டும்.

இரண்டு சீரியலும் வேறாக இருந்தால் ‘பழைய ஐபி’ புகாரின் வேர் கிடைத்துவிட்டது. என்எஸ்1-இடம் வந்த ரிசால்வர் என்எஸ்2-இன் புது ஐபியை அங்கேயே தெரிந்துகொண்டு, அடுத்த முறை என்எஸ்2-க்குப் போகும். அங்கே பழைய சோன்தான் இருக்கும். என்எஸ்2 ஏன் புதியதை எடுக்கவில்லை என்பதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு, லாக் எது என்று சொல்லிவிடும்.

டிரான்ஸ்ஃபர் மறுக்கப்பட்டது என்று லாக் சொன்னால், என்எஸ்1-இல் ‘அலவ்-டிரான்ஸ்ஃபர்’ பட்டியலிலும் பயர்வால் விதியிலும் என்எஸ்2-இன் பழைய ஐபி இருக்கும். ஐபி மாறினால் அறுந்துபோகும் இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு டிசிக் சாவிக்கு (இரண்டு சர்வரும் கையெழுத்திடப் பகிரும் ரகசியத்துக்கு) மாறுங்கள். ‘டிசிக்-கீஜென்’ கட்டளையால் ஹெச்மேக்-ஷா256 சாவி ஒன்று உண்டாக்கி, இரண்டு கான்ஃபிகிலும் வைத்து, ‘அலவ்-டிரான்ஸ்ஃபர்’ வரியில் ஐபிக்குப் பதில் சாவியின் பெயரைக் கொடுங்கள். இரண்டு சர்வர்களின் கடிகாரமும் என்டிபியோடு (நேரத்தை ஒத்திசைக்கும் சேவையோடு) ஒத்திருக்க வேண்டும். வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கையெழுத்து செல்லாது.

பிரைமரியில் வந்த சீரியல் நம்முடையதைவிடச் சிறியது என்று லாக் சொன்னால், யாரோ எப்போதோ சீரியலைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். 2025011501 என்று அடிக்க வேண்டியதை 2052011501 என்று அடித்து ரீலோடு செய்தால் செகண்டரி அதை எடுத்துக்கொள்ளும். பிறகு தவறைப் பார்த்து 2025011502 என்று திருத்தினால், அது முந்தையதைவிடக் குறைவு என்று செகண்டரி ஒதுக்கிவிடும். உங்கள் விஷயத்தில் என்எஸ்2 உங்கள் கையிலேயே இருப்பதால் அங்கே ‘ஆர்என்டிசி ரீடிரான்ஸ்ஃபர் கம்பெனி.இன்’ கொடுத்தால் போதும், சீரியலைப் பார்க்காமல் முழு சோனையும் இழுத்துக்கொள்ளும். செகண்டரி வேறொருவர் கையில் இருந்தால் 1996-இன் ஆர்எஃப்சி 1982 சொல்லும் கணக்குதான் வழி. சீரியல் என்பது 32 பிட்டில் வட்டமாகச் சுற்றும் எண். இப்போதுள்ள 2052011501-உடன் 2147483647-ஐக் கூட்டினால் 4199495148. அதைப் போட்டு ரீலோடு செய்யுங்கள். எல்லா செகண்டரியும் அதை எடுத்துவிட்டதை ‘டிக்’ போட்டு உறுதி செய்த பிறகு 2025011502-ஐப் போடுங்கள். வட்டக் கணக்கில் இது முன்னால் இருக்கும் எண், ஏற்றுக்கொள்ளப்படும். நடுவில் அவசரப்பட்டால் சில செகண்டரிகள் பழைய பெரிய எண்ணிலேயே நின்றுவிடும்.

இங்கேயே கருவியின் ஒரு சிவப்பைத் தள்ளிவிடலாம். சீரியல் ‘வருடம்-மாதம்-தேதி-இரண்டு இலக்கம்’ வடிவத்தில் இல்லை என்பது பழுதல்ல. அந்த வடிவத்தைச் சொல்வது ஆர்எஃப்சி 1912. அது 1996-இல் வந்த தகவல் ஆவணம், தரநிலை அல்ல. 1, 2, 3 என்று போனாலும் டிஎன்எஸ்ஸுக்கு ஒன்றுமில்லை. கூடிக்கொண்டே போகவேண்டும், அவ்வளவுதான்.

இனி டிசிபி 53. பயர்வால் பொறியாளர் சொல்வதை நல்ல அனுபவசாலிகளும் சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு மூலமும் இருக்கிறது. 1989-இன் ஆர்எஃப்சி 1123 யுடிபியைக் (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் பாக்கெட் அனுப்பும் முறையைக்) கட்டாயமாக்கியது, டிசிபியை ‘இருக்க வேண்டும், தகுந்த காரணமிருந்தால் விடலாம்’ என்ற அளவில் நிறுத்தியது. அன்றைக்குப் பதில்கள் 512 பைட்டுக்குள் அடங்கின. சோன் டிரான்ஸ்ஃபர்தான் டிசிபியை அதிகம் கேட்டது. அதிலிருந்து ‘டிசிபி என்றால் டிரான்ஸ்ஃபர்’ என்ற சூத்திரம் பிறந்து, பயர்வால் டெம்ப்ளேட்டுகளில் தங்கிவிட்டது. ஆனால் 2010-இன் ஆர்எஃப்சி 5966 டிஎன்எஸ் மென்பொருளில் டிசிபியைக் கட்டாயமாக்கியது. 2016-இன் ஆர்எஃப்சி 7766 அதைப் புதுப்பித்தது. 2022-இன் ஆர்எஃப்சி 9210 மென்பொருள் எழுதுபவரைத் தாண்டி, சர்வர் நடத்துகிற உங்களையும் என்னையும் நேராகப் பார்த்துப் பேசுகிறது: அதாரிட்டேட்டிவ் சர்வர் (சோனுக்குப் பொறுப்பான சர்வர்) டிசிபியில் வரும் கேள்விகளுக்கும் பதில் தர வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

மீறினால் என்ன ஆகும் என்பதை உங்கள் சர்வரிலேயே பார்க்கலாம். டொமைனின் தலையில் (டொமைன் பெயரிலேயே) உள்ள டிஎக்ஸ்டி ரெக்கார்டுகளை, அதாவது உரைச் சரங்களைக் கேளுங்கள்:

டிக் @என்எஸ்1.கம்பெனி.இன் கம்பெனி.இன் டிஎக்ஸ்டி +நோரெக் +பஃப்சைஸ்=1232 +இக்னோர்

கடைசிச் சொல் முக்கியம். அது இல்லையென்றால் ‘டிக்’ தானாக டிசிபிக்குத் தாவிவிடும், நமக்கு யுடிபியில் என்ன வந்தது என்று தெரியாது. ஃபிளாகுகளில் ‘டிசி’ என்று வந்தால், பதில் வெட்டப்பட்டது, டிசிபியில் வா என்று சர்வர் சொல்கிறது என்று பொருள். மெயில் சேவை, விளம்பரக் கணக்கு, அலுவலக மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்புச் சரம் சேர்த்துக்கொண்டே போனால், எஸ்பிஎஃப்-ஐயும் (உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியலையும்) சேர்த்துப் பதினைந்து சரங்களுக்குள் 1232 பைட் நிரம்பிவிடும். அந்த எண் சும்மா வந்ததல்ல. ஐபிவி6 உறுதி தரும் குறைந்தபட்ச பாக்கெட் 1280 பைட், அதில் ஐபி தலைப்பு 40, யுடிபி தலைப்பு 8 போக மீதி 1232. 2020 அக்டோபர் 1-ஐ டிஎன்எஸ் கொடி நாளாக வைத்து ரிசால்வர் தயாரிப்பாளர்கள் இதை இயல்பு அளவாக்கினார்கள். இன்றைய பைண்டும் அன்பவுண்டும் இதையே கேட்கின்றன. ஆக, உங்கள் டிஎக்ஸ்டி பதில் வெட்டுப்பட்டு, டிசிபியும் மூடியிருந்தால், எதிர்முனை மெயில் சர்வருக்கு உங்கள் எஸ்பிஎஃப் கிடைக்கவே கிடைக்காது. அது உங்கள் மெயிலைத் தள்ளிவைக்கும், அல்லது குப்பையில் போடும். எம்எக்ஸ் தேடல் சிறியது, அதனால் அது மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். ‘மெயில் வருது, போனா மட்டும் பிரச்சினை’ என்ற குழப்பம் இப்படித்தான் பிறக்கிறது.

பொறியாளரின் பாதுகாப்புக் கவலை நியாயமானது. ஆனால் அதற்குப் பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. சோனை யார் இழுக்கலாம் என்பதை ‘அலவ்-டிரான்ஸ்ஃபர்’ தீர்மானிக்கிறது. அதை எழுதாமல் விட்டால் பழைய பைண்ட் பதிப்புகள் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடும், ஆகவே வெளிப்படையாக எழுதுங்கள். பிறகு வெளியிலிருந்து ‘ஏஎக்ஸ்எஃப்ஆர்’ (முழு சோன் டிரான்ஸ்ஃபர்) கேட்டு, மறுக்கப்படுகிறதா என்று அவர் கண்முன்னே காட்டுங்கள். டிசிபியைத் திறந்தும் டிரான்ஸ்ஃபர் மறுக்கப்படுவதை அவர் பார்த்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும்.

உங்களுக்கு வரும் மெயிலைத் திருப்புவது எம்எக்ஸ் குறி. உங்கள் சோனில் எம்எக்ஸ் ‘மெயில்.கம்பெனி.இன்’ என்கிறது, அது மெயில் நிறுவனத்தின் பெயருக்கு ஒரு சிநேம். 1997-இன் ஆர்எஃப்சி 2181, பிரிவு 10.3 இதைத் தெளிவாக விலக்குகிறது: எம்எக்ஸ்ஸும் என்எஸ்ஸும் காட்டும் பெயர் மாற்றுப்பெயராக இருக்கக் கூடாது. 2008-இல் வந்த, மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபியின் ஆவணமான ஆர்எஃப்சி 5321, அப்படிச் செய்தால் அது இந்தத் தரநிலைக்கு வெளியே என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ‘வெளியே’ என்பதன் நடைமுறைப் பொருளை யோசியுங்கள். அனுப்பும் சர்வர் ஏற்றுக்கொண்டாலும் சரிதான், மறுத்தாலும் சரிதான், அதைக் குறை சொல்ல நமக்கு ஆவணம் இல்லை. பெரிய மெயில் சேவைகள் பொறுத்துப் போகின்றன. சில கேட்வேக்கள் பொறுப்பதில்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒரு மெயில் சர்வர் எம்எக்ஸ் பட்டியலில் தன் பெயரைத் தேடிப் பார்த்து, தனக்குக் கீழே உள்ளவற்றை நீக்கித்தான் மெயில் சுழன்றுகொண்டே இருப்பதைத் தடுக்கிறது. பட்டியலில் மாற்றுப்பெயர் இருந்தால் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொள்ளாது. திருத்தம் ஒரு வரிதான். மெயில் நிறுவனம் கொடுத்த பெயரையே எம்எக்ஸ்ஸில் நேராக எழுதுங்கள். பெயரின் கடைசியில் புள்ளி வையுங்கள். புள்ளி இல்லையென்றால் பைண்ட் உங்கள் டொமைனை ஒட்டிக்கொண்டு, ‘எம்எக்ஸ்.மெயில்நிறுவனம்.இன்.கம்பெனி.இன்’ என்று இல்லாத ஓர் இடத்துக்கு எல்லா மெயிலையும் அனுப்பச் சொல்லும்.

சோன் ஃபைலைச் சோதிக்கும் ‘நேம்டு-செக்சோன்’ ஓட்டினால் எம்எக்ஸ் சிநேமுக்கு பைண்ட் எச்சரிக்கை மட்டும் தரும், சோன் லோடு ஆகிவிடும். அதனால்தான் பல வருடங்கள் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. என்எஸ் சிநேமைக் காட்டினால் பைண்ட் சோனையே ஏற்காது. ஹோஸ்டிங் கம்பெனிகள் சில சமயம் ‘டொமைனின் தலையிலேயே சிநேம் போடுங்கள்’ என்பார்கள், அதுவும் இதே கதைதான். தலையில் எஸ்ஓஏ, என்எஸ் கட்டாயம் இருக்கின்றன, சிநேம் வேறு ரெக்கார்டோடு சேர்ந்து நிற்க முடியாது. அங்கே ஏ ரெக்கார்டுதான்.

“நாங்க கொஞ்சம் தப்பா அனுப்பினாலும் எதிர்முனை பெருந்தன்மையா ஏத்துக்கணும்” என்ற வாதமும் இந்த விவாதங்களில் வரும். ஜான் பாஸ்டல் 1980-களின் தொடக்கத்தில் டிசிபி ஆவணத்தில் எழுதிய கொள்கையைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதி, அனுப்புவதில் கண்டிப்பாக இரு என்கிறது. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது முறையல்ல. டிஎன்எஸ் உலகம் அந்தப் பெருந்தன்மையை வெளிப்படையாகவே குறைத்துக்கொண்டு வருகிறது. டிஎன்எஸ்ஸின் விரிவாக்கமான இடிஎன்எஸ்-க்குத் தப்பாகப் பதில் தரும் சர்வர்களுக்காக பைண்ட், அன்பவுண்ட், நாட், பவர்டிஎன்எஸ் ஆகியவை வருடக்கணக்கில் வைத்திருந்த சமாளிப்புகளை 2019 பிப்ரவரி 1-ஐ ஒட்டி எடுத்துவிட்டன. அன்றுவரை ‘வேலை செய்துகொண்டிருந்த’ சர்வர்கள் யாரும் தொடாமலேயே பழுதாயின.

எக்ஸ்பயர் குறி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. காரணம் உங்கள் ஊர். உங்கள் எஸ்ஓஏவில் எக்ஸ்பயர் 604800, அதாவது ஏழு நாள். பிரைமரியை ஏழு நாள் எட்ட முடியாவிட்டால் செகண்டரியும் சோனைக் கைவிட்டு ‘சர்வ்ஃபெயில்’ சொல்லும். ஆர்எஃப்சி 1912 பரிந்துரைப்பது இரண்டு முதல் நான்கு வாரம். சீரியல் வடிவத்தைச் சொன்ன அதே தகவல் ஆவணம்தான் இதையும் சொல்கிறது. ஆனால் அதை ஒதுக்கிய நான் இதை ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் இதற்கு விளைவு இருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. கடலூர் மாவட்டத்துப் பல ஊர்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இரண்டு ஊரும் சேர்ந்துதான் வெள்ளத்தில் நின்றன. மின்வாரியம் வேறு வேறாக இருக்கலாம், லைன் கொடுத்த கம்பெனியும் வேறாக இருக்கலாம். ஆனால் இருபது சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே கடற்கரையில், இரண்டு நேம்சர்வரையும் வைத்துவிட்டுப் பரவலாக வைத்திருப்பதாகச் சொல்ல முடியாது. 1997-இன் ஆர்எஃப்சி 2182 சிறந்த நடைமுறை என்ற தகுதியில் கேட்பது, நெட்வொர்க்கிலும் நிலப்பரப்பிலும் விலகிய இடங்கள்.

“கடலூரே இருட்டுல இருக்கும்போது டிஎன்எஸ் மட்டும் எதுக்கு?” என்று கேட்பார்கள். உங்கள் மெயிலும் வெப்சைட்டும் கடலூரில் இல்லை, வெளியூர் டேட்டா சென்டரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. டிஎன்எஸ் விழுந்தால், உயிரோடு இருக்கும் அந்த இரண்டுக்கும் வழி தெரியாமல் போகும். மெயில் அனுப்புகிறவரின் சர்வர் முயன்றுகொண்டே இருக்கும். ஆர்எஃப்சி 5321 கைவிடும் காலத்தைக் குறைந்தது நான்கைந்து நாள் என்கிறது. தானே போன்ற ஒன்றில் அது போதாது, மெயில் திரும்பிவிடும். வாடிக்கையாளர் உங்களைத் தேடும் அதே வாரத்தில் இது நடக்கும்.

ஆகவே என்எஸ்3 ஒன்றை கோவை, பெங்களூரு, மும்பை என்று எங்காவது ஒரு சிறிய விபிஎஸ்ஸில் அமைத்துக்கொள்ளுங்கள், அல்லது செகண்டரி டிஎன்எஸ் சேவை ஒன்றை வாங்குங்கள். எக்ஸ்பயரை 2419200 ஆக்குங்கள், இருபத்தெட்டு நாள். இதில் ஒரு விலை உண்டு. எக்ஸ்பயர் நீளமானால், டிரான்ஸ்ஃபர் அறுந்த செகண்டரி அத்தனை நாளும் பழைய தகவலையே கொடுத்துக்கொண்டிருக்கும், இப்போது நடப்பதுபோல. அதனால் எல்லா என்எஸ்ஸின் சீரியலையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டு, வேறுபாடு ஒரு மணி நேரம் நீடித்தால் எஸ்எம்எஸ் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் இல்லாமல் எக்ஸ்பயரை நீட்டாதீர்கள். கையால் பார்க்க ‘டிக் கம்பெனி.இன் +என்எஸ்சர்ச்’ போதும், எல்லா என்எஸ்ஸின் எஸ்ஓஏவையும் வரிசையாகக் காட்டும்.

எஸ்ஓஏவின் கடைசி எண்ணையும் அப்படியே பார்த்துவிடுங்கள். அது ‘மினிமம்’ என்ற பழைய பெயரில் இருந்தாலும், 1998-இன் ஆர்எஃப்சி 2308-க்குப் பிறகு அதன் வேலை, ‘இந்தப் பெயர் இல்லை’ என்ற பதில் எவ்வளவு நேரம் கேஷில் தங்கலாம் என்று சொல்வது. உங்களுடையது 86400. புதுப் பெயர் ஒன்றைச் சேர்க்கும் முன்பே யாராவது அதைத் தேடிவிட்டால், சில ரிசால்வர்களில் ஒரு நாள் வரை அந்தப் பெயர் கிடைக்காது. 3600 வையுங்கள்.

டிஎன்எஸ்செக் இல்லை என்ற சிவப்பு ஒரு தேர்வு, பழுதல்ல. கையெழுத்திடாத சோன் எந்த ஆர்எஃப்சியையும் மீறவில்லை. நல்ல விஷயம்தான், ஆனால் கையெழுத்திட்டால் பதில்கள் பெரிதாகும், டிசிபி இன்னும் அவசியமாகும், தாய் சோனில் டிஎஸ் ரெக்கார்டு (உங்கள் கையெழுத்துச் சாவியின் அடையாளம்) தப்பாகிவிட்டால் முழு டொமைனும் மறைந்துவிடும். டெலிகேஷனும் டிரான்ஸ்ஃபரும் ஒரு மாதம் ஒழுங்காக ஓடட்டும், பிறகு தொடலாம்.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதும் முக்கியம். முதலில் பயர்வாலில் இரண்டு நேம்சர்வருக்கும் யுடிபி, டிசிபி 53 இரண்டையும் திறந்து, ஒவ்வொன்றையும் ‘+டிசிபி’ போட்டு வெளியிலிருந்து சோதியுங்கள். டிசிக் சாவி போட்டு என்எஸ்2-ஐ ரீடிரான்ஸ்ஃபர் செய்யுங்கள், சீரியல் ஒத்துவரட்டும். அதே கையோடு ரெஜிஸ்ட்ரார் பேனலில் கிளூவை மாற்றுங்கள். பழைய ஐபி எப்படியும் செத்துவிட்டதால் இதில் காத்திருக்க ஒன்றுமில்லை. எம்எக்ஸ்ஸை மாற்றும் முன் அதன் டிடிஎல் (பதில் கேஷில் தங்கும் நொடிகள்) 86400 என்றால், முந்தைய நாளே 300 ஆக்கிவிட்டு மறுநாள் மாற்றுங்கள். தப்பானால் ஐந்து நிமிடத்தில் திரும்பலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சீரியலைக் கூட்டி, ‘நேம்டு-செக்சோன்’ ஓட்டி, எச்சரிக்கை வரிகளையும் படித்துவிட்டுத்தான் ‘ஆர்என்டிசி ரீலோடு’.

என்எஸ்3-ஐச் சேர்க்கும்போது முதலில் அது ‘ஏஏ’ ஃபிளாகோடு சரியான சீரியலில் பதில் தருவதைப் பாருங்கள். அடுத்து உங்கள் சோனில் என்எஸ் வரியைச் சேருங்கள், கடைசியாக ரெஜிஸ்ட்ராரில் பதியுங்கள். தலைகீழாகச் செய்தால், இன்னும் தயாராகாத சர்வருக்கு உலகம் வந்து ‘ரெஃப்யூஸ்டு’ வாங்கிக்கொண்டு போகும். ஏதாவது ஒரு என்எஸ்ஸை நீக்க நேர்ந்தால் ரெஜிஸ்ட்ராரிலும் சோனிலும் எடுத்துவிட்டு, தாய் சோன் காட்டும் என்எஸ் டிடிஎல், உங்கள் சோனின் என்எஸ் டிடிஎல் இரண்டில் எது பெரிதோ அவ்வளவு நேரம் முழுவதும் கடந்த பிறகே அந்த சர்வரை அணையுங்கள்.